கடற்கரைச் சங்கங்களில் மாணவர் இன்டர்ன்ஷிப்: ராமநாதபுரத்தில் நடத்துவது எப்படி

பல்கலைக்கழகத்தில் நிதி ஒதுக்கியாயிற்று, மாணவர் பட்டியலும் தயார், இனி ஒரு சங்கம் கிடைத்தால் போதும். பெரும்பாலான இன்டர்ன்ஷிப் இப்படித்தான் தொடங்குகிறது. இந்த வரிசையே தலைகீழ். சங்கத்துக்கு என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது, அது எந்த மாதத்தில் நடக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். ஆளும் பணமும் அதற்கப்புறம். தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் வேலையின் நேரத்தைக் கடலும் காற்றும் முடிவு செய்கின்றன. செமஸ்டர் அட்டவணைக்கு அங்கே மரியாதை இல்லை.

இந்தக் குறிப்பு துறை ஒருங்கிணைப்பாளருக்கும் சங்கச் செயலாளருக்கும் எழுதியது. மாணவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

எந்தச் சங்கம்

இங்கே மாணவரை ஏற்கக்கூடிய அமைப்புகள் பல வகை: மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம், கடற்பாசி வளர்ப்புக் குழு, பனைத் தொழிலாளர் சங்கம், பதிவு பெற்ற அறக்கட்டளை. பாம்பனில் 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலியும் உண்டு. பெரிய பெயருள்ள அமைப்பைத் தேடி ஓட வேண்டாம். அங்கே மாணவருடன் உட்கார யாருக்கும் நேரம் இருக்காது. பையன் இரண்டு மாதம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்து சேருவான்.

ஒரே நாளில் ஒப்பந்தம் பேசாதீர்கள், இரண்டு தடவை போங்கள். முதல் தடவை நான்கு விவரம் போதும்: பதிவு எண் உண்டா, கையெழுத்துப் போடுவது யார், கடைசியாகத் தணிக்கை நடந்தது எப்போது, மாணவருடன் வாரத்தில் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறவர் யார். நான்காவது கேள்விக்கு விடையாக ஒரு ஆளின் பெயர் வர வேண்டும். “எல்லாரும் பார்த்துக்குவோம்” என்று சொன்னால் யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டாம் தடவை தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். நோட்டு சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, காட்டத் தயங்காமல் இருந்தால் போதும்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை. ஊருக்கு ஊர் அது ஊர்க் கமிட்டி, ஜமாத், பங்குத்தந்தை என்று மாறும். சங்கத் தலைவி சம்மதித்தும் கமிட்டிக்குத் தெரியாமல் நோட்டும் கையுமாகத் தெருவில் நின்றால் இரண்டாம் நாளே “யாரு நீங்க, எந்த டிபார்ட்மென்ட்?” என்ற கேள்வி வந்துவிடும். விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் பாக் நீரிணையில் பழைய வழக்கு உண்டு. ஒரு தரப்புச் சங்கத்தில் இருக்கும் மாணவரை இன்னொரு தரப்பிடம் கணக்கெடுக்க அனுப்பாதீர்கள்.

வேலை: ஒன்று, சின்னது, முடிகிறது

“மீனவப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை” என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு இன்டர்ன்ஷிப் நடத்த முடியாது. மாணவர் போன மறுநாளும் சங்கம் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு பொருள் கையில் நிற்க வேண்டும். இரண்டு மாதிரிகளை விரிவாகவே சொல்லலாம்.

முதலாவது, சுயஉதவிக் குழுவின் பேரேட்டைக் கணினியில் ஏற்றுவது. 15 பேர் உள்ள குழுவின் 5 ஆண்டுக் கணக்கு என்றால் சேமிப்பு வரிகள் மட்டுமே 900 வரும், கடன் வரவு செலவு தனி. 120 மணி நேரத்தில் இரண்டு மாணவர்கள் மூன்று குழுவைச் சரிபார்த்து முடிக்கலாம். பத்துக் குழு என்று எழுதிக் கொடுத்தால் பத்தும் அரைகுறையாகும். ஒருவர் வாசிக்க, மற்றவர் தட்டச்சு செய்வது நல்லது. தொடக்க இருப்பை வங்கி பாஸ்புக்கின் மார்ச் 31 இருப்பிலிருந்து எடுங்கள், நோட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கையிருப்பும் வங்கி இருப்பும் சேர்ந்து பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும்.

இங்கே தவறு விழும் இடங்கள் தெரிந்தவைதான். ஒரே குழுவில் மூன்று முனியம்மாள் இருப்பார்கள். பெயரை நம்பாமல் உறுப்பினர் எண்ணைப் போட்டு, பக்கத்தில் கணவர் அல்லது தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேருங்கள். கடனில் அசலையும் வட்டியையும் ஒரே கட்டத்தில் கூட்டி எழுதியிருப்பார்கள். அதைப் பிரிக்கும்போது மாணவர் தன் ஊகத்தில் பிரிக்கக் கூடாது, அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டு எழுதியவரையே கேட்க வேண்டும். கணக்கு இடித்தால் திருத்தி நேராக்கத் தோன்றும். கூடவே கூடாது. நூறு ரூபாய் இடிப்புக்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டு மருத்துவச் செலவு இருக்கும், அது குழுவுக்கும் தெரிந்திருக்கும். மாணவர் ‘சரி’ செய்த தாள் வெளியே வந்தால் குழு உடையும்.

இரண்டாவது, பாசி வளர்ப்பு மிதவைகளுக்குப் பதிவேடு. கப்பாபைகஸ் என்ற வளர்ப்புக் கடற்பாசிக்கு வழக்கமான மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்குச் சுமார் 150 கிராம் விதைப்பாசி. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ. மீன் மேயாமல் இருக்க அடியில் வலை கட்டுவார்கள். 45 நாளில் அறுவடை. பதிவேட்டில் மிதவை எண், விதைத்த நாள், விதை எடை, அறுத்த நாள், ஈர எடை, காய்ந்த எடை என்று ஆறு கட்டம் போதும். ஏழாவதாக ‘குறிப்பு’ என்று ஒன்று விட்டுவையுங்கள். காற்றில் கயிறு அறுந்தது, வெயிலில் பாசி வெளுத்தது எல்லாம் அதில் வரும். பல சமயம் அந்த ஏழாவது கட்டம்தான் சங்கத்துக்கு உதவுகிறது.

மாணவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒரு மிதவையில் 260 கிலோ அறுத்தால் அவ்வளவையும் விளைச்சல் என்று எழுதிவிடுவார்கள். அதில் 60 கிலோ மறுபடி விதையாகக் கயிற்றில் ஏறிவிடும், மிச்சம் 200 தான் காயவைக்கப் போகும். ஈர எடையை எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சொட்டச் சொட்டத் தராசில் வைத்தால் தண்ணீருக்கும் சேர்த்து எடை. கூடையைத் தூக்கி வைத்து, சொட்டு நின்ற பிறகு, எல்லா நாளும் ஒரே மாதிரி போட வேண்டும். சுமார் பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. மணலில் விரித்துக் காயவைத்த பாசியையும் வலையில் விரித்ததையும் தனித்தனியே குறியுங்கள். மணல் ஒட்டினால் வியாபாரி விலையைக் குறைப்பார். எவ்வளவு குறைக்கிறார் என்பதை நோட்டில் பார்க்கும்போதுதான் குழு வலை வாங்குவது பற்றி யோசிக்கும். மிதவை எண்ணை மார்க்கர் பேனாவில் எழுதினால் இரண்டு வாரத்தில் போய்விடும். பழைய பிளாஸ்டிக் கேனை வில்லையாக வெட்டி, எண்ணைச் சூட்டுக்கோலால் இட்டுக் கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வியாபாரி எடை போடும் இடத்திலேயே மாணவர் சொந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பல பெண்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். எடை வித்தியாசம் இருந்தால் அதை எப்போது, யார் கேட்பது என்பதைச் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும். மாணவர் இரண்டு மாதத்தில் போய்விடுவார், வியாபாரி அங்கேயேதான் இருப்பார்.

எந்த மாதம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி விடுமுறையும் அதை ஒட்டித்தான் வருகிறது. இது நல்லதா கெட்டதா என்பது வேலையைப் பொறுத்தது. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஏலக்கூடத்தில் கூட்டம் இருக்காது. மீன்வரத்துக் கணக்கெடுக்கப் போனால் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், அதை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது. அதே சமயம் ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் படகு பராமரித்துக்கொண்டும் வீட்டில் இருப்பார்கள். பேச்சைப் பதிவு செய்ய, கணக்கு நோட்டைச் சரிபார்க்க, வானொலி நிகழ்ச்சிக்குக் குரல் எடுக்க இதைவிடத் தோதான காலம் இல்லை. கூட்டுறவுச் சங்கச் செயலாளரை மட்டும் அந்த நாட்களில் நம்பாதீர்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்கான வேலை அவர் தலையில் இருக்கும்.

கடற்பாசி எடுக்கும் பெண்களின் நாட்காட்டி வேறு. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். நீர் வற்றிப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) தெரிகிற நாட்கள் அவை. இந்தப் பெண்களின் சார்பில் நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது, ஆக இது ஊருக்குத் தெரிந்த சங்கதி. திட்டம் போட இந்த 12 நாள் கணக்கு வசதியானது. கரை திரும்பிய பிறகு நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 12 நாள், இரண்டு மாதம் என்றால் சரியாக 120 மணி நேரம். எடைப்பதிவுக்கு எடுக்கிற நாளில் போங்கள். பேட்டிக்கு மற்ற நாளில் போங்கள். காலையிலிருந்து தண்ணீரில் கிடந்து உப்போடு கரையேறும் அக்காவிடம் 40 கேள்வி கொண்ட தாளை நீட்டுவது பாவம்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையில் வடகடல் பக்கம் மிதவை வேலை வைக்காதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, அந்த நாட்களை முன்பே அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை மதியமும் ரமலான் மாதமும் கூட்டம் போட உகந்தவையல்ல. பாம்பன், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை.

மணிக்கணக்கு

30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு, 4 கிரெடிட்டுக்கு 120 மணி. வீட்டிலிருந்து ஊர் வரை பஸ்ஸில் போகிற நேரம் இதில் சேராது. சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது சேரும். நாட்டு நலப்பணித் திட்டத்துக்குக் காட்டிய மணி நேரத்தை இங்கேயும் காட்டினால் தணிக்கையில் மாட்டும். வருகைப் பதிவேடு சங்கத்திலேயே இருக்கட்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஒரு வரி, கள வழிகாட்டி (சங்கத்தில் மாணவருடன் உட்காருபவர்) கையெழுத்து. கடைசி நாளில் 24 கையெழுத்தையும் ஒரே பேனாவில் வாங்கினால் பார்த்த உடனே தெரியும்.

பணம்

இன்டர்ன்ஷிப்பில் ஊதியம் இல்லையென்றால், விடுமுறையில் மீன் கம்பெனியிலோ கடையிலோ வேலை பார்த்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கிற பிள்ளை வர மாட்டாள். வசதியுள்ளவர்கள்தான் வருவார்கள். அப்புறம் ‘உள்ளூர் மாணவர் ஆர்வம் காட்டவில்லை’ என்று அறிக்கை எழுதுவதில் அர்த்தமில்லை. மேலே சொன்ன பாசித் திட்டத்துக்கு, இரண்டு மாணவர், 24 நாள் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

மாணவர் உதவித்தொகை நாளுக்கு 400 வீதம் 19,200. பயணம் நாளுக்கு 120 வீதம் 5,760. கள வழிகாட்டிக்கு மாதம் 3,000 வீதம் 6,000. மூன்று குழுக் கூட்டம், கூட்டத்துக்கு 12 பெண்கள், தலைக்கு 250 என்று 9,000. தொங்கு தராசு, நோட்டு, அச்சுக்கு 2,500. விபத்துக் காப்பீட்டுக்கு 1,000. கைச்செலவு 1,540. மொத்தம் 45,000.

இதில் நிதிக்குழு முதலில் வெட்டப் பார்ப்பது கூட்டத்துக்கான 9,000-ஐ. விட்டுக்கொடுக்காதீர்கள். அரை நாள் வேலையை விட்டு உட்காரும் பெண்ணுக்கு டீயும் பிஸ்கட்டும் ஈடாகாது. கள வழிகாட்டியின் 6,000-மும் அப்படித்தான். இந்த இரண்டும் இல்லாத திட்டம் மாணவருக்கான செலவைச் சங்கத்தின் தலையில் கட்டுகிற திட்டம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயை உதவித்தொகையில் கழிக்கவும் கூடாது.

தொகை மாணவர் கணக்குக்கே நேராகப் போகட்டும், சங்கம் வழியாகச் சுற்ற வேண்டாம். பாதியை முதல் வாரத்தில், மீதியைப் பணி முடித்துக் கொடுத்ததும் தரலாம். முழுத் தொகையும் கடைசியில் என்றால் பஸ் காசுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கும். பள்ளி நாளில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாமல் கிடந்தால் செயல்படாத கணக்காகியிருக்கும். ஒரு மாதம் முன்னதாகவே ஒவ்வொருவரையும் வங்கிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு முதலெழுத்தும் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

நிதியாண்டுதான் பெரிய பொறி. ஜனவரியில் ஒப்புதல் வாங்கினால் மார்ச் 31-க்குள் செலவழிக்கச் சொல்வார்கள், தடைக்காலமோ ஏப்ரல் 15-க்குத்தான் தொடங்கும். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஒப்புதலை ஏப்ரல் முதல் வாரத்துக்கு வரும்படி விண்ணப்பியுங்கள். முந்தைய ஆண்டுப் பணம்தான் என்றால், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய் வார்த்தை தணிக்கையில் நிற்காது. மத்திய அரசு நிதியென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில் கேட்பார்கள். கடற்கரை டீக்கடையில் பில் இருக்காது, அதனால் ரொக்கச் சீட்டைத் துறையிலேயே அச்சடித்துக் கொண்டுபோங்கள். பெயர், ஊர், தொகை, தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு. 5,000 ரூபாயைத் தாண்டிய ரசீதுக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும்.

போகக் கூடாத இடம், கேட்கக் கூடாத கேள்வி

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் மாணவர் அங்கே கால் வைக்கக் கூடாது, சங்கப் படகே ஆனாலும். விசைப்படகில் மாணவரை ஏற்றவே வேண்டாம். பாக் நீரிணையில் சர்வதேச எல்லை கூப்பிடு தூரம், அங்கே ஒரு சிக்கல் என்றால் துறைத்தலைவர் கடிதம் உதவாது. டிரோன் ஆசையையும் விட்டுவிடுங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. பாரில் இறங்கவும் வேண்டாம், கல் காலைக் கிழிக்கும். பாசி எடுக்கும் பெண்களே காலிலும் விரலிலும் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

கேள்வித்தாளில் மூன்று விஷயம் வரக் கூடாது. எல்லை தாண்டுவது, கடல் அட்டை, எந்த இடத்தில் மீன் படுகிறது என்பது. முதல் இரண்டும் வழக்கு சம்பந்தப்பட்டவை, கடல் அட்டை பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மூன்றாவது தொழில் ரகசியம், அண்ணன் தம்பிக்குள்ளேயே சொல்லாதது. கடன், வட்டி பற்றிய கேள்வியைப் பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள். ஆதார், ரேஷன் கார்டைக் கைப்பேசியில் படம் எடுக்கவும் கூடாது. முறை சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்: அக்கா, அண்ணே எங்கேயும் செல்லும், கீழக்கரைப் பக்கம் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா. ‘மேடம்’ என்று ஆரம்பித்தால் அரசு அலுவலகத்திலிருந்து வந்ததாக நினைத்து நிவாரணப் பட்டியலைக் கேட்பார்கள்.

மாணவிகள் போகிற ஊரில் கழிப்பறை எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒருங்கிணைப்பாளர் நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும். தங்குவதாக இருந்தால் தண்ணீரையும் விசாரியுங்கள். பல ஊர்களில் குடிநீர் குடக்கணக்கில் காசுக்குத்தான் வருகிறது, விருந்தாளியின் குளியல் வீட்டுக்காரர் பணம். பாலியல் தொந்தரவுப் புகாருக்குக் கல்லூரியின் உள்ளகக் குழு எண்ணையும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் அமைப்பென்றால் மாவட்ட உள்ளூர்க் குழு விவரத்தையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தத் தாள் ஒரு பக்கம் போதும், தமிழில். என்ன வேலை, எந்தப் பொருள் கையில் வரும், எத்தனை நாள், யார் வழிகாட்டி, யாருக்கு எவ்வளவு, படமும் பதிவும் யாருக்குச் சொந்தம், நடுவில் விலகினால் என்ன. கையெழுத்துக்கு முன் குழுவில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஒப்படைப்பு

கடைசி வாரத்தில் புது வேலை எதுவும் வைக்காதீர்கள், அது ஒப்படைப்புக்கு மட்டும். கோப்பு மாணவரின் மின்னஞ்சலில் இருந்தால் ஒப்படைத்ததாகாது. சங்கத்தின் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அச்சுத்தாளில் ஒன்று. கடவுச்சொல்லைத் தீர்மானப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் எழுதுங்கள், பாதுகாப்பு வல்லுநர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பிறகு மாணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, சங்கத்தில் ஒருவர் அடுத்த மாதக் கணக்கைத் தானே ஏற்றிக் காட்ட வேண்டும். அவர் எங்கே தடுக்கிறாரோ அந்த இடத்தைத் தமிழில் நான்கு வரியாக எழுதி, கணினி வைத்திருக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். உப்புக்காற்றில் செலோடேப் பிடிக்காது, ஆணி அடியுங்கள். மீதித் தொகைக்கான சீட்டில் கள வழிகாட்டி கையெழுத்துப் போடுவது இதற்கப்புறம்தான்.